முதல் வரியில் அண்ணையின் பெயர்

பெப்ரவரி 10, திங்கள்

காலையிலிருந்து மழை. நசநசவென்று, பெய்வதுமில்லை விடுவதுமில்லை. காலை ஷிப்ட் முடித்து இரண்டரைக்கு வீடு.

செய்ய வேண்டியவை: ஹீற்றர் திருத்துகிறவனுக்குப் போன் (மூன்றாம் தரம்). மகள் கவிதாவுக்குச் சப்பாத்து. வீட்டுக்காரனுக்குப் பதில் கடிதம். பச்சைமிளகாய்.

பச்சைமிளகாய் மட்டும் நடந்தது. அதுவும் யோகனின் கடையில் ஒரு மணித்தியாலம் நின்று. கடை முழுக்க ஒரே கதை. பில்டிங் சொசைட்டி வங்கியாக மாறப் போகிறதாம். சொசைட்டி என்றால் காசு போட்ட ஆட்கள்தான் சொந்தக்காரராம். ஆகவே மாறும்போது அங்கத்தவர் ஒவ்வொருவருக்கும் காசு, ஆளுக்கு ஆயிரத்து முன்னூறு பவுண்டு. சும்மா. ஒரு வேலையும் செய்யாமல்.

யோகன் கல்லாவுக்குக் கீழேயிருந்து கணக்குப் புத்தகங்களை எடுத்து அடுக்கிக் காட்டினான். பதினொன்று. தன் பெயர், மனைவி பெயர், மாமியார் பெயர், இன்னும் நடக்கப் பழகாத மகன் பெயர். ஒவ்வொன்றிலும் நூறு பவுண்டு.

"இரண்டு வருசம் அங்கத்தவரா இருந்தாத்தானாம் குடுப்பாங்கள். நான் எல்லாம் போன வருசம் போட்டது. ஒண்டுக்கும் உதவாது. உன்ர பழசெல்லோ? நீ ராசா."

ஓம், என்னுடையது பழசு. லண்டனுக்கு வந்த வருடமே தொடங்கியது, இப்போது ஒன்பது வருடம். தெருமுனையில் இருந்த சின்னச் சொசைட்டி. போன வருடம் அதை இந்தப் பெரிய சொசைட்டியோடு சேர்த்துவிட்டார்கள். பெயர்ப்பலகை மாறியது. உள்ளே அதே இரண்டு கவுன்டர், அதே வாடின செடி. பழைய வருடங்களும் சேர்ந்து எண்ணப்படும் என்று யோகன் சொல்கிறான், புத்தகத்தை இடையில் மூடாமல் இருந்தால். நான் மூடவில்லை.

ஆயிரத்து முன்னூறு. வாங்கப் பார்க்கிற இல்ஃபோர்ட் வீட்டு முற்பணத்துக்குக் குறைகிறது ஆயிரத்து இருநூறு. இந்த ஃபிளாட்டை வீட்டுக்காரன் விற்கிறான், ஆகஸ்ட் முடிவதற்குள் வெளிக்கிட வேண்டும். மனைவி சாந்தியிடம் சொன்னேன். பருப்பைக் கிண்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "கடிதம் வந்ததோ?" என்றாள்.

வரவில்லை. யோகனுக்குக்கூட உரிமை இல்லையென்று ஒரு கடிதம் வந்திருக்கிறது. எனக்கு அதுவும் இல்லை. தபால் மண்டபத்தில் நாள் முழுக்க மற்றவர்களின் கடிதங்களைத் தெருவாரியாகப் பிரிக்கிறவன் நான், என் கடிதம் எங்கே போனதென்று தெரியாது.

பெப்ரவரி 11, செவ்வாய்

ஷிப்ட் முடிந்து நேரே சொசைட்டி. வரிசையில் பதினாறு பேர், பாதிப் பேர் எங்கள் ஆட்கள்.

கவுன்டரில் கண்ணாடி போட்ட பெண். பொறுமையானவள். புத்தகத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், திரும்பப் புத்தகத்தைப் பார்த்தாள். அண்ணையும் நானும் சேர்ந்து தொடங்கின கூட்டுக் கணக்கு அது. கூட்டுக் கணக்கில் முதல் வரியில் பெயர் இருக்கிறவர்தான் அங்கத்தவர் என்றாள். வாக்குச்சீட்டு, படிவம், காசோலை எல்லாம் அவருக்குத்தான் போகும். அண்ணையின் ஹரோ முகவரிக்கு எப்போதோ அனுப்பியாயிற்று. இரண்டாம் வரியில் இருக்கிறவர் காசு போடலாம், எடுக்கலாம். அங்கத்தவர் இல்லை.

ஒன்பது வருடமாகப் போட்ட காசு முழுக்க என்னுடையது. ஒரு பென்ஸ் அண்ணை போட்டதில்லை. அதைச் சொன்னேன். விளங்குகிறது என்றாள், ஆனால் விதி அது.

"பெயரை இப்போது முன்னுக்குக் கொண்டுவந்தால்?"

அப்படிச் செய்தால் புது அங்கத்துவம், இரண்டு வருடம் இன்றிலிருந்து தொடங்கும் என்றாள். போன கோடையில் அண்ணையின் பெயரை வெட்டிவிட வேண்டும் என்று இதே வரிசையில் வந்து நின்றவன் நான். வரிசை நீளம் என்று திரும்பிப் போனேன்.

படிவம் திரும்பி வரவேண்டிய கடைசி நாள் இருபத்தோராம் திகதி, வெள்ளி. அண்ணையோடு நான் கதைத்து இரண்டரை வருடம்.

பெப்ரவரி 12, புதன்

எழுதி வைக்கிறேன், எழுதினாலாவது வயிறு எரிவது குறையட்டும்.

இரண்டரை வருடத்துக்கு முன், அண்ணை ஹரோவில் வாங்கின வீட்டுக் குடிபூரல். பால் காய்ச்சி முடிந்து எல்லோரும் சாப்பிட இருக்கிற நேரம். விலை கொஞ்சம் கூடிப்போச்சுது அண்ணை, வட்டி ஏறினால் கஷ்டம் என்று சொன்னேன். மெல்லத்தான் சொன்னேன். அவர் மெல்லச் சொல்லவில்லை. "இவனை ஏஜென்சிக்குக் காசு கட்டி லண்டனுக்கு எடுப்பிச்சது நான். இண்டைக்கு எனக்குப் புத்தி சொல்லுறார்." முப்பது பேர் இருந்தார்கள். இலையை மூடாமலே எழும்பி வந்தேன். சாந்தி கையில் வடையோடு பின்னால் வந்தாள்.

அந்த ஏஜென்சிக் காசை நான் மாதாமாதம் கொடுத்து முடித்தவன். ஒவ்வொரு தரமும் எண்ணாமல் மேசை லாச்சிக்குள் எறிவார். என்னிடமிருந்து வாங்குவதே அவருக்கு ஒரு குறைச்சல்.

எல்லாவற்றிலும் அவர் பெயர்தான் முன்னுக்கு வேண்டும். சொசைட்டிப் புத்தகத்திலும்.

சப்பாத்து வாங்கவில்லை.

பெப்ரவரி 13, வியாழன்

ஓய்வு நாள். வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. அப்டன் பார்க் வரை நடந்து, ஒன்றும் வாங்காமல் திரும்பினேன். மறுபடி நடந்தேன்.

அண்ணை வீட்டுக்குப் போன் அடிக்கச் சொன்னாள் சாந்தி. அடித்தேன். அண்ணியின் குரல் கேட்டதும் வைத்துவிட்டேன். பத்து நிமிடம் கழித்து மறுபடி. மறுபடி வைத்தேன். இந்த ஊரில் கடைசியாக அடித்த நம்பரைப் போனே சொல்லும் என்பது நினைவில்லை. ஐந்து நிமிடத்தில் அண்ணியே திருப்பி அடித்தாள்.

நான் குசினிக்குள் போய்விட்டேன். சா. இருபது நிமிடம் கதைத்தாள். கேட்ட துண்டுகள்: "ஓம் மச்சாள்... அவர்தான்... வேற ஆர்?... வெக்கமாம்... இல்லை, புதன் பகல் வரட்டும், அண்ணை வேலைக்குப் போயிருப்பார்தானே?... என்ன மச்சாள்?... சரி, சரி."

வைத்துவிட்டுச் சொன்னாள்: "அடுத்த புதன் போறியள். அண்ணை இல்லாத நேரம். கடிதத்தை எடுத்துக்கொண்டு வாங்கோ."

அண்ணி என்னவோ சொல்லத் தொடங்கி நிறுத்தினாளாம். அண்ணையின் கையொப்பம் வேண்டுமே, அதற்கு என்ன செய்வது என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

பெப்ரவரி 19, புதன்

காற்று. குடை ஒன்று போயிற்று. ஷிப்டை ஒருவனோடு மாற்றினேன், பதிலுக்கு அவனுடைய ஞாயிறு எனக்கு.

இரண்டு லைன் மாறி ஹரோ. மணியை அடித்தேன். கதவைத் திறந்தது அண்ணை.

சாரம், மேலே ஓவர்கோட். வீட்டுக்குள் ஓவர்கோட்.

"வா," என்றார். "சப்பாத்தைக் கழட்டு. அண்ணி வேலைக்குப் போட்டா."

அண்ணி வேலைக்கா? அண்ணி வேலைக்குப் போனதே இல்லை. சூப்பர்மார்க்கெட்டில் கல்லாவில் இருக்கிறாளாம், கிறிஸ்மஸுக்கு முன் தொடங்கினது.

குசினிக்குள் போய்த் தேத்தண்ணீர் போட்டார். என் வாழ்நாளில் அண்ணை தேத்தண்ணீர் போட்டு நான் குடித்ததில்லை. சீனி மூன்று ஆளுக்குக் காணும். ஹீற்றர் போடவில்லை. மேசையில் வேலை விளம்பரப் பக்கம் வெளியே தெரிய மடித்த பேப்பர், பேனாவால் வட்டங்கள்.

"எப்ப தொடக்கம்?" என்றேன்.

"நவம்பர்." பிறகு, "கம்பனிக் காரையும் எடுத்துப்போட்டாங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குத் திருத்தக் கராஜில நிக்குது எண்டு சொல்லியிருக்கிறன்."

மூன்று மாதமாக ஒரு கார் கராஜில் நிற்குமா? கேட்கவில்லை. குடிபூரலில் நான் சொன்னதும் என் நினைவுக்கு வந்தது, அவருக்கும் வந்திருக்கும். இரண்டு பேரும் தேத்தண்ணீரைப் பார்த்தோம்.

சொசைட்டிக் கடிதம் என்றேன். எழும்பிப் போய் ஒரு பிஸ்கட் டின் கொண்டுவந்தார். உள்ளே கடிதவுறைகள். இரண்டரை வருடமாக எங்கள் கூட்டுக் கணக்குக்கு வந்த எல்லாம், திகதி ஒழுங்கில் அடுக்கி. ஒன்றுகூட உடைக்கவில்லை. வாக்குச்சீட்டு வந்த தடித்த உறையும் உடைக்கவில்லை. நாளை மறுநாள் கடைசி நாள்.

"ஏன் அண்ணை உடைக்கேல்லை?"

"உன்ர காசுக் கடிதம். நான் ஏன் உடைக்க?"

கோபிக்கலாம் என்று பார்த்தேன், ஏலவில்லை. உடைத்தேன். காட்டின இடமெல்லாம் கையொப்பம் போட்டார், வாசிக்காமல். அப்போதுதான் அலுமாரித் தட்டில் அதே நிறத்தில் இன்னொரு பொதி கண்டேன். உடைத்தது. அவருக்கும் பெரிய சொசைட்டியில் தன் பெயரில் ஒரு பழைய புத்தகம் இருக்கிறதாம், மாணவனாக வந்த காலத்தது. அந்தப் படிவத்தைப் போன கிழமையே அனுப்பிவிட்டார்.

அப்படியென்றால் இரண்டு காசோலை. அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. இரண்டு பேருக்கும் முகம் கொஞ்சம் மலர்ந்தது. இல்ஃபோர்ட் வீட்டைப் பற்றிச் சொன்னேன்: மூன்று அறை, பின் கதவு ஈரத்தில் வீங்கி மூடாது, மற்றபடி நல்லது. விலை கேட்டார். சொன்னேன். "கூடத்தான்," என்றார். சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. ரயிலில் ஏறின பிறகு சிரித்தேன்.

பெப்ரவரி 20, வியாழன்

படிவத்தைக் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். தபாலை நம்பக்கூடாதென்று தபால்காரனுக்குத்தான் தெரியும்.

அதே கண்ணாடிப் பெண். அண்ணையின் பெயரைத் திரையில் தட்டினாள், நின்றாள். இவருக்கு இங்கே இன்னொரு கணக்கும் இருக்கிறதே என்றாள். ஓம் என்றேன், பெருமையாக.

ஓர் ஆளுக்கு ஒரு கொடுப்பனவுதான்.

இரண்டு சொசைட்டியும் தனித்தனியாக இருந்தபோது அண்ணை இரண்டிலும் இரண்டு அங்கத்தவர். சேர்த்த அன்றே ஓர் ஆள், ஓர் அங்கத்துவம், ஒரு வாக்கு, ஒரு காசோலை. எத்தனை புத்தகம் இருந்தாலும். முதல் வரியில் என் பெயர் இருந்திருந்தால் நானும் ஓர் அங்கத்தவர், இரண்டு காசோலை வந்திருக்கும். மன்னிக்கச் சொன்னாள். அவள் என்ன செய்வாள்?

வெளியே வந்து பஸ் தரிப்பில் இருந்தேன். மூன்று பஸ் போனது.

ஒன்றைத் திருத்தி எழுத வேண்டும். பன்னிரண்டாம் திகதி எழுதியது பொய். அவர் தன் பெயரை முன்னுக்குப் போடவில்லை. கணக்குத் தொடங்கின அன்று என்னிடம் ஒரு பேப்பரும் இல்லை, அவர் வேலையில் அரை நாள் லீவு போட்டு என்னோடு வந்து சாட்சி நின்றார். படிவத்தில் இரண்டு வரி. "உன்ர காசு, உன்ர பேரை முதல் எழுது," என்றார். நான்தான் எழுதவில்லை. அண்ணையின் பெயருக்கு மேலே என் பெயரை எப்படி எழுதுவது? எழுதக் கை வரவில்லை. அவர் பெயரை மேலே எழுதினேன், அவர் "விசரன்" என்று ஏசினார்.

அது எனக்கு நல்லாய் நினைவிருக்கிறது. நினைவில்லாத மாதிரி இரண்டரை வருடம் இருந்துவிட்டேன்.

பெப்ரவரி 23, ஞாயிறு

மாற்றிக்கொண்ட ஞாயிறு ஷிப்ட். கால் வலி.

சா. கேட்டாள்: "ஒண்டுதான் வரும் எண்டு அண்ணைக்குச் சொன்னியளே?"

சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? அது உங்கள் பழைய புத்தகத்துக்கு வருகிற காசு, என்னுடையதற்கு ஒன்றுமில்லை என்றா? அல்லது என் புத்தகம்தான், உங்களுடையதற்கு ஒன்றுமில்லை என்றா? விதிப்படி அவருடையது. வேலையும் இல்லை, ஹீற்றரும் போடுவதில்லை.

"அது அவற்ர காசு. விடுங்கோ," என்றாள். சொல்லிவிட்டுப் போய்ச் சட்டிகளைக் கழுவினாள். கழுவின சத்தம் கீழ்க் கடைக்கும் கேட்டிருக்கும்.

மார்ச் 22, சனி

சொசைட்டி வங்கியாவதற்கு வாக்கு வென்றுவிட்டதாம். யோகன் கடையில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தான், தனக்கு ஒரு சதமும் வராது. இல்ஃபோர்ட் ஏஜென்ட் போன் அடித்தான், வீட்டை விற்கிற கிழவி ஜூலை வரை பொறுப்பாளாம், அதற்கு மேல் இல்லை.

கவிதாவின் சப்பாத்து வாங்கியாயிற்று. ஒரு சைஸ் பெரிது.

ஜூலை 1, செவ்வாய்

சூடு. பிரிக்கும் மண்டபத்தில் இரண்டு நாளாக ஒரே மாதிரி வெள்ளை உறைகள், கண்ணாடி ஜன்னல் வைத்தது. தொட்டாலே தெரியும் உள்ளே காசோலை என்று. எங்கள் தெருவுக்கே ஒன்பது என் கையால் போயிற்று.

இரண்டு கிழமையாக எதிலும் மனம் நிற்கவில்லை. சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்தேன்.

ஜூலை 3, வியாழன்

ஹரோவிலிருந்து பதிவுத் தபால்.

காசோலை. அண்ணையின் பெயரில், ஆயிரத்து முன்னூறும் சில்லறையும். ஒரு துண்டு, அவருடைய நேரான எழுத்து: "ஒன்றுதான் வந்தது. விசாரித்தேன், ஆளுக்கு ஒன்றுதானாம். உன் கணக்கு நீ உழைத்தது. வீட்டுக்குக் கட்டு. அண்ணி நலம்."

படிக்கட்டில் இருந்து வாசித்தேன். முதலில் கோபம். இந்த மனிதன் பட்டினி கிடந்தாலும் பெரியவராகத்தான் கிடப்பார். கொடுக்கத் தெரியும், வாங்கத் தெரியாது. பிறகு அழுகை வந்தது. கவிதா பள்ளியால் வருகிற நேரம், முகத்தைக் கழுவினேன்.

ஜூலை 5, சனி

காசோலை அவர் பெயர் இருக்கிற கணக்கில்தான் போடலாம். என் கையில் இருப்பது ஒன்றே ஒன்று, அந்தக் கூட்டுக் கணக்கு. போட்டேன்.

கண்ணாடிப் பெண்ணுக்குப் புதுச் சட்டை, வங்கியின் நிறத்தில். இனி விதி ஒன்றும் இல்லை, வேண்டுமானால் உங்கள் பெயரை முன்னுக்குப் போட்டுத் தரவா என்றாள். இருக்கட்டும் என்றேன்.

ஏஜென்ட் இரண்டு தரம் போன். இன்னொரு ஆள் வீட்டைப் பார்த்துவிட்டுப் போனானாம். எல்லா ஏஜென்டும் இதைத்தான் சொல்வான்.

ஜூலை 7, திங்கள்

கணக்குப் புத்தகத்தை உறைக்குள் வைத்து அண்ணைக்கு அனுப்பினேன், பதிவுத் தபாலில். துண்டு: "அண்ணை, காசு கூட்டுக் கணக்கில் இருக்கிறது. இரண்டு பேரும் எடுக்கலாம். புத்தகம் கொஞ்ச நாள் உங்களிடம் இருக்கட்டும்." அதில் என் முழுச் சேமிப்பும் இருக்கிறது, நாலாயிரத்துச் சொச்சம்.

சா.: "முழுக்க எடுத்தால்?"

"எடுக்கட்டும்."

"எடுக்கமாட்டார் எண்டு தெரிஞ்சுதான் அனுப்புறியள்."

அவள் சொன்னது சரி. எடுக்கமாட்டார், புத்தகம் அப்படியே திரும்பி வரும், நானும் கொடுத்துப் பார்த்தேன் என்று ஆறலாம், வீட்டையும் வாங்கலாம். எவ்வளவு கேவலமான மனிதன் நான் என்று நினைத்துக்கொண்டே முத்திரை ஒட்டினேன்.

ஜூலை 12, சனி

தபால் இல்லை.

ஜூலை 14, திங்கள்

இல்லை. வேலையில் ஒரு தட்டு முழுவதையும் பிழையாகப் பிரித்து மேற்பார்வையாளனிடம் ஏச்சு வாங்கினேன்.

ஜூலை 15, செவ்வாய்

மழை திரும்ப வந்திருக்கிறது. புத்தகமும்.

சா. பக்கத்தில் நிற்க உடைத்தேன். துண்டு ஒன்றும் இல்லை. கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு புது வரி. எடுத்திருக்கிறார். காசோலையில் சரி பாதி, சில்லறையிலும் பாதி. என் சேமிப்பைத் தொடவில்லை.

பொய் எழுதமாட்டேன், அறுநூற்றைம்பது போயிற்று, வீடு போயிற்று என்றுதான் முதலில் நினைத்தேன். சா. புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். கன நேரம் பார்த்தாள்.

"உங்களிட்டை வாங்கியிருக்கிறார்," என்றாள்.

ஓம். வாங்கியிருக்கிறார். பிறந்ததிலிருந்து இன்றுதான்.

ஐந்து மணிக்குப் போன். அவரே.

"புத்தகம் வந்ததோ?"

"வந்தது அண்ணை."

"பார்த்தனியோ?"

"பார்த்தன்."

 

"அந்தப் பின் கதவு மூடாதெண்டெல்லோ சொன்னாய். வீடு எடுத்ததும் சொல்லு, சீவுளியோட வந்து சீவி விடுறன். எனக்கு இப்ப நேரம் இருக்கு."

"வீடு இன்னும் சரிவரேல்லை. இன்னும் ஐந்நூறு அறுநூறு குறையுது அண்ணை."

"எனக்கும்தான் குறையுது," என்றார் அண்ணை.